முறுக்கும் விரல்

வணக்கம். சாவி இல்லாமல் பூட்டைத் திறக்கப் பொழுதுபோக்காகக் கற்றுக்கொள்ள ஆசை. வீட்டில் நாலைந்து விதமான பூட்டுகள் இருக்கின்றன. எது எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முப்பது கருவிகள் கொண்ட ஒரு செட்டைப் பார்த்து வைத்திருக்கிறேன், வாங்கலாமா? வாசல் கதவிலேயே பழகலாம் என்றிருக்கிறேன். தப்பான வேலை என்று வீட்டில் திட்டுகிறார்கள்.
ர.

அன்புள்ள ர.,

வாசல் கதவைத் தொடாதீர்கள். புழக்கத்தில் இருக்கும் பூட்டில் பழகவே கூடாது. பிக் (பூட்டுக்குள் விட்டு நெம்பும் மெல்லிய கம்பி) முறிந்து உள்ளே தங்கிவிட்டால் ராத்திரி குடும்பத்தோடு வெளியே நிற்க வேண்டியதுதான். வீட்டில் திட்டுவது இதற்காக என்றால் நானும் அவர்கள் பக்கம். மற்றபடி சொந்தப் பூட்டையோ, உரிமையாளர் சம்மதித்துக் கொடுத்த பூட்டையோ திறந்து பார்ப்பதில் தப்பில்லை. கருவிகள் வைத்திருப்பது பற்றிய சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், அதை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

வகை தெரியச் சாவியைப் பாருங்கள். தட்டையான சாவியின் ஓரத்தில் மேடும் பள்ளமுமாக வெட்டியிருந்தால் பெரும்பாலும் பின் டம்ளர், உள்ளே ‘பின்’ எனப்படும் சின்ன உலோகக் குச்சிகள் வரிசையாக இருக்கும். நீளத் தண்டின் நுனியில் மட்டும் வெட்டுள்ள தகடு இருந்தால் பெரும்பாலும் லீவர், சாவி உள்ளே இருக்கும் தகடுகளைத் தூக்கித் திறக்கும் வகை. சாவியின் தட்டைப் பக்கத்தில் குழிகுழியாக இருந்தால் டிம்பிள். மேசை டிராயரின் சின்னச் சாவி அநேகமாக வேஃபர். நீங்கள் தொடங்க வேண்டியது சாதாரண பின் டம்ளரில், கதவில் மாட்டாத ஒன்றில்.

அந்த முப்பதில் முக்கால்வாசியைத் தொடவே மாட்டீர்கள். பிக்கில் சின்னக் கொக்கி ஒன்று, நடுத்தரக் கொக்கி ஒன்று, சுமார் 0.6 மில்லிமீட்டர் தடிமனில் போதும். கூடவே வெவ்வேறு தடிமனில் இரண்டு மூன்று டென்ஷன் ரெஞ்ச், அதாவது பூட்டை முறுக்கிப் பிடிக்கும் வளைந்த கம்பி.

ரெஞ்சைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை, யாருமே கேட்பதில்லை, எனக்கு ஆதங்கமே அதுதான். எனக்குக் கற்றுக்கொடுத்த பூட்டுக்காரர் முதலில் பிக்கைக் கையில் தரவே இல்லை. ரெஞ்சைச் சாவித்துளையில் செருகி, என் சுட்டுவிரலை அதன் வாலில் வைத்து, நகத்தைப் பார்க்கச் சொன்னார். நகம் வெளுத்தால் அழுத்தம் அதிகம், எடு கையை!

காரணம் இருக்கிறது. சாவியோடு திரும்பும் உருளையான சிலிண்டரில் பின்களுக்கான துளைகள் எந்தத் தொழிற்சாலையிலும் அச்சு அசலாக ஒரே நேர்க்கோட்டில் அமைவதில்லை. அதனால் லேசாக முறுக்கும்போது எல்லாப் பின்களும் சேர்ந்து இறுகாமல் ஏதோ ஒன்றுதான் முதலில் இறுகும். அதைப் பிக்கால் தேடி மெல்ல உயர்த்தினால் மெலிதாக ஒரு க்ளிக், சிலிண்டர் மயிரிழை திரும்பும், அப்புறம் அடுத்தது இறுகும். பூட்டைத் திறப்பது என்பது இவ்வளவுதான். பலமாக முறுக்கினால் பல பின்கள் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும், எது எது என்று விரலுக்குத் தெரியாது, கோபத்தில் குத்துவீர்கள், பின் தேவைக்கு மேல் ஏறி அங்கேயே நின்றுவிடும்.

இப்படி மேலே ஏற்றிவிடும் தவறை நம்பியே 1818-இல் ஜெரமையா சப் ஒரு லீவர் பூட்டு செய்தார். ஒரு லீவரை அதிகமாகத் தூக்கினாலும் அது சிக்கிக்கொள்ளும், சரியான சாவிக்கும் உடனே திறக்காது, யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று உரிமையாளருக்குத் தெரிந்துவிடும். 1851-இல் லண்டனில் அமெரிக்கப் பூட்டுக்காரர் ஆல்ஃபிரட் ஹாப்ஸ் அந்தப் பூட்டைச் சுமார் 25 நிமிடத்தில் திறந்தார். 1790 முதல் யாரும் திறக்காமல் சவாலாக இருந்த, பிராமா என்பவரின் பூட்டுக்கு அவருக்கு 16 நாட்களில் 51 மணி நேரம் பிடித்தது. நீங்கள் பத்து நிமிடத்தில் சலித்துக்கொள்ளாதீர்கள், சரியா?

செட் வேண்டாம். தொடங்க ஒரு பழைய பூட்டும் ஒரு கொக்கியும் ஒரு ரெஞ்சும் போதும், பழகுங்கள். எந்தப் பின் முதலில் இறுகியது என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.