கேள்வி–பதில்: கோப்பு முடிந்ததா, வாசிப்பு முறிந்ததா?

கேள்வி: பாலாற்றுப் படுகையின் மழையளவை ஆய்வு செய்கிறேன். குடியாத்தம், ஆம்பூர், ஆற்காடு ஆகிய ஊர்களின் மழைப் பதிவேடுகளைத் தட்டச்சு செய்து, ஆண்டுக்கு ஒரு கோப்பு, நாளுக்கு ஒரு வரி என வைத்திருக்கிறேன். ஒவ்வொரு வரியிலும் ஆண்டு, மாதம், நாள், மழை மில்லிமீட்டரில் என நான்கு எண்கள் உண்டு. இத்துடன் அனுப்பியுள்ள, ஃபோர்ட்ரான் என்ற கணினி மொழியில் எழுதிய நிரல், குடியாத்தம் கோப்பில் 365 வரிகள் இருந்தும் 310 வரிகளை மட்டும் படித்துவிட்டு, பிழைச் செய்தி ஏதும் தராமல் கூட்டுத்தொகையை அச்சிடுகிறது. காரணம் என்ன?
— ஆய்வு மாணவி, காட்பாடி

பதில்: லீப் அல்லாத ஆண்டில் 310ஆம் நாள் நவம்பர் 6. எனவே முதலில் நவம்பர் 7ஆம் தேதிக்கான வரியைத் திறந்து பாருங்கள். அளக்க முடியாத அளவுக்குச் சிறு தூறல் விழுந்த நாளில் பதிவேட்டில் எண்ணுக்குப் பதிலாக ‘டிரேஸ்’ என்று குறிப்பதுண்டு. அதை நீங்கள் அப்படியே தட்டச்சு செய்திருக்க வாய்ப்பு அதிகம். மனிதருக்கு அது பொருள் உள்ள சொல். மெய்யெண்ணை எதிர்பார்த்து நிற்கும் ரீட் கட்டளைக்கு அது வாசிப்புப் பிழை.

ஆனால் நிரல் அதைப் பிழை என்று சொல்லாமல் போனதற்குக் காரணம், வரிகளைத் திரும்பத் திரும்பப் படிக்கும் சுழலில் ‘ஐஓஸ்டாட் பூஜ்யம் இல்லையென்றால் சுழலை விட்டு வெளியேறு’ என்று நீங்கள் எழுதியிருக்கும் வரிதான். ஐஓஸ்டாட் என்பது ஒவ்வொரு வாசிப்பும் எப்படி முடிந்தது என்பதை எண்ணாகச் சொல்வது. அது மூன்று வகையான செய்தியைத் தருகிறது: வாசிப்பு நிறைவேறினால் பூஜ்யம், கோப்பு முடிந்துவிட்டால் குறை எண், வாசிப்பில் பிழை நேர்ந்தால் மிகை எண். பூஜ்யமா இல்லையா என்று மட்டும் கேட்டால், பின்னிரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. வடகிழக்குப் பருவமழை இன்னும் ஓயாத காலத்தின் 55 நாள்களை இழந்த ஒரு கூட்டுத்தொகை, முழு ஆண்டின் மழையளவு என்ற பெயரில் உங்கள் அட்டவணையில் ஏறியிருக்கிறது.

அந்த எண் மிகையா குறையா என்று குறியைப் பிரித்துச் சோதியுங்கள். ஜிஃபோர்ட்ரான் என்ற தொகுப்பியில் (நிரலைக் கணினி இயக்கும் வடிவுக்கு மாற்றும் மென்பொருளில்) கோப்பின் முடிவுக்கு −1, எண்ணாகப் படிக்க இயலாத மதிப்புக்கு 5010 என்று வரும். வேறு தொகுப்பி வேறு எண்களைத் தரலாம் என்பதால் அந்த எண்களை நிரலில் எழுதி வைக்காதீர்கள். கோப்பு முடிந்ததா என்று சொல்வதற்கென்றே ஃபோர்ட்ரான் 2003இல் வந்த இஸ்_ஐஓஸ்டாட்_எண்ட் என்ற சார்பைப் பயன்படுத்துங்கள். அதனுடன் ஐஓஎம்எஸ்ஜி என்ற எழுத்துச்சர மாறியையும் சேர்த்தால் பிழையின் விளக்கம் வாக்கியமாகவே கிடைக்கும். வரி எண்ணையும் சேர்த்து அச்சிடுவது உங்கள் பொறுப்பு.

ஐஓஸ்டாட் பூஜ்யமாக இருந்தாலும் நிம்மதி அடைய வேண்டாம். நட்சத்திரக் குறியிட்டு வடிவம் குறிப்பிடாமல் படிக்கும்போது, ஒரு வரியில் மூன்று எண்களே இருந்தால், நான்காவதை அடுத்த வரியிலிருந்து நிரல் எடுத்துக்கொள்ளும். அதாவது அடுத்த நாளின் ஆண்டு எண், இன்றைய மழையாகிவிடும். தேதியைச் சாய்கோடிட்டு எழுதியிருந்தால் விளைவு இன்னும் விபரீதம்: சாய்கோட்டைக் கண்டதும் வாசிப்பு அங்கேயே நின்றுவிடும், எஞ்சிய மாறிகள் பழைய மதிப்பையே வைத்திருக்கும், ஐஓஸ்டாட் பூஜ்யம் என்றே சொல்லும். நேற்றைய மழை இன்றும் ஒரு முறை கூட்டப்படும். அடுத்தடுத்து இரண்டு காற்புள்ளிகள் வந்தாலும், இடையில் விடுபட்ட மாறிக்கு இதே கதிதான்.

ஆகவே, முதலில் முழு வரியையும் ஓர் எழுத்துச்சரமாகப் படித்து, பிறகு அந்தச் சரத்திலிருந்து நான்கு எண்களைப் பிரித்தெடுக்கும் முறையையே நான் பரிந்துரைக்கிறேன். கோப்பு முடிந்ததா என்பதை முதல் வாசிப்பில் மட்டும் கேளுங்கள். இரண்டாவது வாசிப்பிலும் குறை எண் வரலாம். ஆனால் அங்கே அதன் பொருள் சரம் தீர்ந்துவிட்டது, அதாவது வரியில் எண்கள் குறைவு என்பதே. இரண்டுக்கும் தனித்தனி மாறிகளை வையுங்கள். இல்லாவிட்டால் பழைய குழப்பமே வேறு வடிவில் திரும்பிவரும். சாய்கோட்டுக்கும் காற்புள்ளிக்கும் மருந்து, ஒவ்வொரு வாசிப்புக்கும் முன்பு நான்கு மாறிகளிலும் −999 போன்ற நடவாத மதிப்பை இட்டுவைப்பது. ‘டிரேஸ்’ நாளை எப்படிக் கணக்கிடுவது என்பதை நிரலிடம் விடாமல் நீங்களே தீர்மானித்து ஆய்வேட்டில் குறிப்பிடுங்கள்.

கேள்வி: சி மொழியில், கோப்பு முடிந்ததா என்று சொல்லும் எஃப்இஓஎஃப் சார்பு உண்மையாகும் வரை சுழல வேண்டும் என்று எழுதிய நிரல், சில கோப்புகளில் கடைசி அளவீட்டை இரண்டு முறை எண்ணுகிறது, சில கோப்புகளில் சரியாக இருக்கிறது. கோப்புகளில் குறையா?
— பொறியியல் மாணவர், ராணிப்பேட்டை

பதில்: குறை சுழலில்தான் இருக்கிறது. எஃப்இஓஎஃப் வரப்போவதைச் சொல்லாது. படிக்க முயன்று முடிவில் முட்டிய பிறகே உண்மையாகும். கடைசி எண்ணுக்குப் பின் எண்டர் தட்டியிருந்தால், அந்த எண்ணைப் படித்து முடித்த வேளையில் முடிவு இன்னும் தட்டுப்படவில்லை. சுழல் மறுபடி நுழைகிறது, வாசிப்பு தோற்கிறது, மாறியில் கிடக்கும் பழைய மதிப்பே மீண்டும் எண்ணப்படுகிறது. எண்டர் தட்டாத கோப்பில் கடைசி எண்ணைப் படிக்கும்போதே முடிவும் தட்டுப்பட்டுவிடுவதால் கணக்கு சரியாக வருகிறது.

கோப்பிலிருந்து மதிப்புகளைப் படிக்கும் எஃப்ஸ்கேன்எஃப் சார்பு, எத்தனை மதிப்புகளைப் படித்தது என்று திருப்பித் தரும் எண்ணையே சுழலின் நிபந்தனையாக்குங்கள். சுழல் முடிந்த பிறகு காரணத்தை விசாரியுங்கள்: முதலில் எஃப்எர்ரர், வட்டிலோ பென்டிரைவிலோ கோளாறு என்றால் அது சொல்லும், அடுத்து, எஃப்ஸ்கேன்எஃப் சார்பு இஓஎஃப் என்ற மதிப்பைத் திருப்பியிருந்தால் கோப்பு முறையாக முடிந்தது. கோளாறும் இல்லாமல் அந்த மதிப்பும் வராமல் சுழல் நின்றிருந்தால், எண் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்து இருக்கிறது, அல்லது கடைசி வரி பாதியில் நின்றிருக்கிறது.