பாட வரும், எழுத வரவில்லை: இசை ஆசிரியர் தேர்வு கேள்வி-பதில்

இராமேசுவரம் தீவிலிருந்து தொண்டி வரை, இசை ஆசிரியர் தகுதிக்குப் படிப்பவர்களும் அவர்களைத் தயார்ப்படுத்துகிறவர்களும் கேட்டவற்றில் சில இங்கே. பலவற்றுக்கு அடியில் இருப்பது ஒரே குறைதான். பாட்டு நன்றாக வருகிறது. பாடியதைத் தாளில் எழுதவும் இன்னொருவருக்குப் படிப்படியாகச் சொல்லிக்கொடுக்கவும் பழகவில்லை. மேடைக் கலைஞருக்கு அது இல்லாமலும் ஓடிவிடும். வகுப்பில் நிற்கப்போகிறவருக்கு அதுதான் தொழில்.

கேள்வி (மண்டபம்): லோயர், ஹையர் என்கிறார்கள், இசைப்பள்ளிச் சான்றிதழ் என்கிறார்கள். ஆசிரியராக எது போதும்?

அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் தொழில்நுட்பத் தேர்வில் இசைக்குக் கீழ்நிலை, மேல்நிலை என இரண்டு படி. அவை உங்கள் இசையறிவுக்குச் சான்று. கற்பிக்கும் தகுதி அதன்மேல் வரும் தொழிலாசிரியர் பயிற்சிச் சான்றிதழில் இருக்கிறது. இராமநாதபுரம் மாவட்ட அரசு இசைப்பள்ளியின் மூன்றாண்டுப் படிப்பும், அதற்கு மேல் மதுரை போன்ற ஊர்களின் அரசு இசைக் கல்லூரிப் படிப்புகளும் இன்னொரு வழி. எந்த வழியில் வந்தாலும், ஆசிரியர் தேர்வு வாரிய அறிவிக்கை வந்ததும் அதில் உள்ள தகுதி வரியையும் உங்கள் சான்றிதழில் அச்சான பெயரையும் சொல்லுக்குச் சொல் ஒப்பிட்டுப் பாருங்கள். சான்றிதழின் தேதி, விண்ணப்பக் கடைசி நாளுக்கு முந்தியதா என்பதையும் பாருங்கள்.

கேள்வி (கீழக்கரை): கடபயாதி முறையில் எண்ணினால் கரஹரப்ரியாவுக்கும் கீரவாணிக்கும் ஒரே எண் வருகிறது. எங்கே தவறு?

தமிழ் எழுத்தை வைத்து எண்ணியதுதான் தவறு. கடபயாதி என்பது 72 மேள ராகங்களில் ஒன்றின் பெயரில் உள்ள முதல் இரண்டு எழுத்துகளை எண்ணாக்கி, அதைத் திருப்பிப் போட்டு மேள எண்ணைக் கண்டுபிடிக்கும் முறை. அது வடமொழி எழுத்து வரிசைக்காக அமைந்தது. அதில் க என்ற இடத்தில் நான்கு எழுத்துகள் வரும், 1 முதல் 4 வரை. கரஹரப்ரியாவின் முதலெழுத்து இரண்டாவது க, எனவே 2. அடுத்து வரும் ர 2. இந்த 22ஐத் திருப்பினாலும் 22தான். கீரவாணியில் வருவது முதல் க, எனவே 1. ர 2. 12ஐத் திருப்பினால் 21. தமிழில் இரண்டையும் ஒரே ககரத்தால் எழுதுவதால் இரண்டும் 21 என்று வந்து நிற்கின்றன.

இதற்கு ஒரே ஒரு பக்கத்தில் அட்டவணை போட்டுக்கொள்ளுங்கள். முதல் வரிசையில் க நான்கும் 1 முதல் 4, ங 5, ச இரண்டும் 6, 7, ஜ இரண்டும் 8, 9, ஞ சுழி. இரண்டாம் வரிசையில் ட நான்கும் 1 முதல் 4, ண 5, த நான்கும் 6 முதல் 9, ந சுழி. மூன்றாவதில் ப நான்கும் 1 முதல் 4, ம 5. நான்காவதில் ய 1, ர 2, ல 3, வ 4, பிறகு சிவம் என்பதில் வரும் ச 5, ஷ 6, ஸ 7, ஹ 8. சலநாட்டையின் ச முதல் வரிசையைச் சேர்ந்தது, 6, ல 3, திருப்பினால் 36. ரசிகப்ரியாவில் வருவது ஸ, 7, அதனால் 72. தீரசங்கராபரணத்தின் த நான்காவது த, 9, அதனால் 29. மாணவர்கள் அதிகம் சறுக்குவது இந்தச் சகரத்திலும் தகரத்திலும்தான்.

கூட்டெழுத்து உள்ள பெயர்களுக்கு ஒரே விதி ஒத்துவராது. ரத்னாங்கியில் பின்னால் உள்ள ந-வை எடுக்கிறோம், 2 வருகிறது. சக்ரவாகத்தில் முன்னால் உள்ள க்-ஐ எடுக்கிறோம், 16 வருகிறது. திவ்யமணி 48, சிம்மேந்திரமத்யமம் 57 போன்றவற்றையும் சேர்த்து ஒரு சிறு பட்டியலாக நெட்டுருப் போட்டுவிடுவதே நல்லது.

எண் கிடைத்ததும் ஸ்வரம். மேசகல்யாணி 65. 36க்கு மேல் என்பதால் பிரதி மத்யமம். 36ஐக் கழித்தால் 29. ஆறால் வகுத்தால் ஈவு 4, மீதி 5. சக்கரம் என்பது ஆறு மேளங்களின் தொகுதி. பிரதி மத்யமப் பகுதியில் நான்கு சக்கரம் முடிந்து ஐந்தாம் சக்கரம், அதில் ஐந்தாம் மேளம். சக்கரம் ரி-க ஜோடியைச் சொல்லும், சக்கரத்துக்குள் உள்ள இடம் த-நி ஜோடியைச் சொல்லும். ஜோடிகளின் வரிசை இரண்டுக்கும் ஒன்றே: 1-1, 1-2, 1-3, 2-2, 2-3, 3-3. ஐந்தாவது ஜோடி 2-3. ஆகவே சதுஸ்ருதி ரிஷபம், அந்தர காந்தாரம், சதுஸ்ருதி தைவதம், காகலி நிஷாதம்.

மீதி சுழி வந்தால் கவனம். 36ஐ ஆறால் வகுத்தால் ஈவு 6, மீதி இல்லை. அதை ஏழாம் சக்கரம் என்று எழுதிவிடுகிறார்கள். மீதி இல்லையென்றால் ஈவே சக்கரம், இடம் ஆறாவது. சலநாட்டைக்கு இரண்டு ஜோடியும் 3-3 என வருவது அதனால்தான்.

கேள்வி (தங்கச்சிமடம்): கீதம், வர்ணம் எல்லாம் தாளம் பிசகாமல் பாடுகிறேன். ஸ்வரதாளக் குறிப்பு எழுதினால் மட்டும் ஆவர்த்தனம் கூடிவிடுகிறது, குறைந்துவிடுகிறது.

ஆவர்த்தனம் என்பது தாளத்தின் ஒரு முழுச் சுற்று. பாடும்போது நெடிலின் நீளத்தைக் காது பார்த்துக்கொள்கிறது. எழுதும்போது அதை எண்ணித்தான் ஆக வேண்டும். ஸ என்றால் 1, ஸா என்றால் 2, ஸா-வுக்குப் பின் ஒரு காற்புள்ளி போட்டால் 3, அரைப்புள்ளி போட்டால் 4. அரைப்புள்ளி இரண்டு என்பதை மறந்து ஒன்றாக எண்ணுவதே ஆவர்த்தனம் கூடுவதற்கு முதல் காரணம்.

ஆதி தாளத்தின் மூன்று அங்கங்களுக்கும் (பகுதிகளுக்கும்) வரும் எண்ணிக்கை முதற்காலத்தில் 4, 2, 2. இரண்டாம் காலம் 8, 4, 4. மூன்றாம் காலம் 16, 8, 8. ஒவ்வொரு அங்கக் கோடு போட்டதும், கோட்டுக்குக் கீழே பென்சிலில் அந்த எண்ணை எழுதிச் சரிபாருங்கள். வரியின் முடிவில் மொத்தமாக எண்ணினால் தவறு எந்த அங்கத்தில் என்று தெரியாது. முழு வரியையும் அடித்து எழுத நேரும்.

காலம் மாறும் இடங்களில் ஸ்வரங்களுக்கு மேலே போடும் கோடு முக்கியம். ஒரு கோடு பாதி, இரண்டு கோடு கால். கோட்டுக்கு அடியில் நிற்கும் காற்புள்ளியும் ஸ்வரத்தோடு சேர்ந்து பாதியாகும் என்பதை மறக்கக் கூடாது. மேல் ஸ்தாயிப் புள்ளி, கீழ் ஸ்தாயிப் புள்ளி இரண்டையும் ஸ்வரம் எழுதும் அதே கையோடு வைத்துவிடுங்கள். கடைசியில் மொத்தமாக வைக்கலாம் என்று விட்டால் நேரம் முடிந்துவிடும், மேல் ஸ ஆதார ஸ ஆகிவிடும்.

பயிற்சிக்கு: புத்தகத்தை மூடிவைத்து, நீங்களே பாடி, ஒரு நாளைக்கு ஓர் ஆவர்த்தனம் எழுதுங்கள். பிறகு திறந்து ஒப்பிடுங்கள். புத்தகத்தைப் பார்த்துப் பிரதி எடுத்தால் கையெழுத்து அழகாகும், குறிப்பு எழுத வராது.

கேள்வி (தேவிபட்டினம்): ரூபக தாளத்துக்கு 3 அட்சரமா, 6 அட்சரமா?

தாளப் பகுதியில் கேட்டால் 6. ஒரு திருதம் (2), ஒரு சதுஸ்ர லகு (4). கச்சேரியில் இரண்டு தட்டு, ஒரு வீச்சாகப் போடுவது வழக்கத்தில் வந்த சுருக்கம். ஏழு தாளங்களை ஐந்து ஜாதிகளால் பெருக்கி வரும் 35 தாளக் கணக்கில் அதை எழுதினால் மதிப்பெண் போகும். மிஸ்ர சாபு, கண்ட சாபு இரண்டும் இந்த 35இல் சேராதவை. பெரிய தாளம் எது என்ற கேள்விக்கு சங்கீர்ண ஜாதி துருவம், 29. சிறியது திஸ்ர ஜாதி ஏகம், 3.

கேள்வி (இராமேசுவரம்): பண்ணும் ராகமும் பொருத்துக கேள்வியில் எல்லாம் குழம்புகிறது. நினைவில் நிறுத்த வழி உண்டா?

வெறும் ஜோடிப் பட்டியலாகப் படித்தால் குழம்பத்தான் செய்யும். ஒவ்வொரு பண்ணுக்கும் ஒரு பதிகத்தைப் பாடிப் பழகுங்கள். உங்கள் ஊரிலேயே தொடங்கலாம். இராமேசுவரத்துக்குச் சம்பந்தர் பாடிய பதிகங்கள் இரண்டு. 'அலைவளர் தண்மதி' காந்தாரபஞ்சமம். ஓதுவார்கள் கேதாரகௌளையில் பாடுவார்கள். 'திரிதரு மாமணி' பழம்பஞ்சுரம், அது சங்கராபரணம். கோயிலில் இரண்டையும் கேட்டு ஒருமுறை பாடிவிட்டால் இந்த ஜோடிகள் பிறகு மறக்காது. இதே போல நட்டபாடைக்குக் கம்பீர நாட்டை, தக்கேசிக்குக் காம்போதி, கௌசிகத்துக்குப் பைரவி, மேகராகக்குறிஞ்சிக்கு நீலாம்பரி, பஞ்சமத்துக்கு ஆகிரி என்று ஒவ்வொரு பதிகமாகச் சேர்த்துக்கொண்டே போங்கள்.

தமிழிசைப் பகுதியில் ஏழு ஸ்வரப் பெயர்களை வரிசை மாறாமல் சொல்ல வேண்டும்: குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம். சிலப்பதிகாரத்தில் அரங்கேற்று காதையை உரையோடு படியுங்கள். ஆபிரகாம் பண்டிதரின் கருணாமிர்த சாகரம் வெளிவந்த ஆண்டு 1917.

கேள்வி (திருப்புல்லாணி): ஆறாம் வகுப்புக்கு மாதிரிப் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். நன்றாகப் பாடினேன், ஆனாலும் பயிற்றுநர் திருப்தி அடையவில்லை.

நன்றாகப் பாடியது நீங்கள். பிள்ளைகள் என்ன பாடினார்கள் என்பதைத்தான் பயிற்றுநர் பார்ப்பார்.

முதலில் சுருதி. சுருதியின் உயரத்தைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள். ஆண் ஆசிரியர் தனக்கு வசதியான ஒரு கட்டையில் தொடங்கினால், பதினோரு வயதுப் பிள்ளைகளுக்கு அது தாழ்ந்து, கீழ் ஸ்வரங்களில் குரலே எழாது. நான்கு முதல் ஐந்து கட்டைக்குள் வைத்துப் பாருங்கள். உங்கள் குரல் எட்டாத இடத்தை ஆர்மோனியத்தில் வாசித்துக் காட்டலாம். எட்டு, ஒன்பதாம் வகுப்புப் பையன்களுக்குக் குரல் உடையும் பருவம். அவர்களை மேல் ஸ்தாயிக்கு இழுக்காமல், குறைந்த எல்லைக்குள் நிற்கும் பாட்டாகக் கொடுங்கள்.

நாற்பது நிமிடத்தை இப்படிப் பிரிக்கலாம். முதல் 5 நிமிடம் ஸ-ப-ஸ பிடித்துச் சுருதி சேர்ப்பது. அடுத்த 5 போன பாடத்தை நினைவூட்டுவது. பிறகு 15 நிமிடம் புதிய வரிகள், 10 நிமிடம் குழுக்களாகப் பாடவைப்பது, கடைசி 5 தனித்தனியாகக் கேட்பது. இந்த நேரத்தில் ஒரு ஜண்டை வரிசையோ (ஸ்வரங்களை இரட்டித்துப் பாடும் பயிற்சி), பாட்டானால் நான்கு வரியோதான் முடியும். முழுப் பாட்டையும் எடுத்தால் கடைசிப் பகுதி அடிபட்டுப்போகும். பிள்ளைக்கு வந்ததா இல்லையா என்று தெரிவது அந்தக் கடைசிப் பகுதியில்தான்.

புதிய வரியை நீங்கள் இரண்டு முறை பாடுங்கள், பிள்ளைகள் தாளம் மட்டும் போடட்டும். பிறகு அவர்கள் பாடட்டும்; அப்போது நீங்கள் வாயை மூடிக்கொள்ளுங்கள். கூடவே பாடுகிற ஆசிரியருக்குத் தன் குரல்தான் கேட்கும், மூன்றாம் பெஞ்சில் காந்தாரம் இறங்குவது கேட்காது. தவறு கேட்டால் வரியைத் தலையிலிருந்து எடுக்காதீர்கள். தவறிய ஸ்வரத்தையும் அதற்கு முந்தியதையும் மட்டும் மெதுவாகப் பிடித்துக் காட்டி, பிறகு வரியோடு சேருங்கள். சின்ன விஷயம்தான், ஆனால் கற்பிக்கத் தெரிந்தவரை இது உடனே காட்டிக்கொடுக்கும்.

பாடக்குறிப்பில் நோக்கத்தை எழுதும்போது 'இசையார்வம் வளரும்' என்று எழுதாமல், 'மாயாமாளவகௌளையில் இரண்டாம் ஜண்டை வரிசையை இரண்டு காலங்களில் தாளத்தோடு பாடுவர்' என்று, பார்த்துச் சரிபார்க்கக்கூடியதாக எழுதுங்கள்.

கேள்வி (மூக்கையூர்): நாட்டுப்புற இசைப் பாடத்துக்கு எங்கள் பகுதிப் பாட்டை எடுக்கலாமா?

கட்டாயம் எடுங்கள். கரைவலை இழுக்கும்போதும் துடுப்புப் போடும்போதும் பாடும் அம்பா பாட்டு மாதிரிப் பாடத்துக்கு மிகவும் ஏற்றது. ஒருவர் வரி எடுக்க, மற்றவர்கள் திரும்பச் சொல்லும் அமைப்பு அதிலேயே இருக்கிறது. குழுவாகப் பிரிக்க நீங்கள் மெனக்கெட வேண்டாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்காரப் பெரியவர்கள் கரையில் இருக்கும் அந்த நாட்களில் போய்க் கேட்டுப் பதிவு செய்யுங்கள். உட்கார்ந்து பாடச் சொன்னால் நடை மாறிவிடும். ஒரு கயிற்றையாவது கையில் கொடுத்து இழுத்தபடி பாடச் சொல்லுங்கள். அழுத்தம் எங்கே விழுகிறது என்பது அப்போதுதான் தெரியும். அந்த இடத்தைத் தட்டாகக் குறித்துக்கொண்டு, நான்கு வரிக்குக் குறிப்பு எழுதிப் பாடத்தோடு இணையுங்கள். பாடியவரின் அனுமதியைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி (பாம்பன்): செய்முறைத் தேர்வு மழைக்காலத்தில் வருகிறது. வயலினும் மிருதங்கமும் சுருதியில் நிற்பதில்லை.

கடற்காற்றில் உப்பும் ஈரமும் சேர்ந்தே வரும். எஃகுத் தந்தி துருப்பிடித்தால் முதலில் நாதம் மங்கும், பிறகு அறுந்துவிடும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் தந்தியைத் துடைத்துப் பெட்டியில் மூடிவையுங்கள். தேர்வுக்கு முதல் நாள் புதுத் தந்தி மாட்டக் கூடாது. இழுவை அடங்கச் சில நாள் ஆகும். ஒரு வாரம் முன்பே மாட்டி, உபரியாக ஒரு தொகுதி கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஈரத்தில் பிருடை (தந்தியை முறுக்கும் ஆணி) ஊதி இறுகினால் முறுக்காமல், மெதுவாக வெளியே இழுத்து, உரசும் இடத்தில் பென்சில் கரியைத் தடவுங்கள். நழுவினால் சாக்பீஸ்.

மிருதங்கத் தோல் ஈரத்தில் தளர்ந்து சுருதி இறங்கும். அதை வெயிலிலோ அடுப்பருகிலோ காயவைத்தால் தோல் வெடிக்கும், கரணை (வலப்பக்கத் தோலின் நடுவில் உள்ள கருப்புப் பூச்சு) உதிரும். விளிம்புப் பின்னலைச் சுற்றிலும் சமமாக, உள்நோக்கித் தட்டி ஏற்றுங்கள். ஒரே பக்கம் அடித்தால் வலந்தலையில் (வலப்பக்க முகத்தில்) இடத்துக்கு இடம் சுருதி மாறி நிற்கும். தொப்பியில் (இடப்பக்க முகத்தில்) ஒட்டிய ரவையை வாசித்ததும் வழித்துத் துடைத்துவிடுங்கள். விட்டுவைத்தால் தோல் கெடும், கரப்பான் கடிக்கும். தீவிலிருந்து இராமநாதபுரத்துக்கோ மதுரைக்கோ போகிறவர்கள், தேர்வு மையத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே போய், வாத்தியத்தை உறையிலிருந்து எடுத்து அந்த அறையின் காற்றுக்குப் பழகவிட்டுச் சுருதி சேருங்கள்.

கேள்வி (தொண்டி): ஒரு மதிப்பெண் கேள்விகளுக்கு வாழ்க்கை வரலாறு எவ்வளவு படிக்க வேண்டும்?

ஒருவருக்கு நான்கு விவரம் போதும்: ஆண்டு, குரு, சீடர், முத்திரை (பாட்டில் தன் பெயராக வைக்கும் சொல்) அல்லது முக்கியப் படைப்பு. தியாகராஜர் 1767–1847, சியாமா சாஸ்திரி 1762–1827; இவர்களும் முத்துசாமி தீட்சிதரும் சேர்ந்த மும்மூர்த்திகள் மூவரும் பிறந்தது திருவாரூர். நம் மாவட்டத்திலிருந்து ராமநாதபுரம் பூச்சி ஸ்ரீனிவாச ஐயங்காரை விட்டுவிடாதீர்கள்: 1860–1919, குரு பட்டணம் சுப்பிரமணிய ஐயர், சீடர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார். முத்துசாமி தீட்சிதர் இராமேசுவரத்துப் பெருமான்மீது பாடியது 'ராமநாதம் பஜேஹம்'.