ஹைப்ரிட் கார்: சொன்ன மைலேஜ் சாலையில் ஏன் கிடைப்பதில்லை?

மாருதி கிராண்ட் விட்டாராவின் ஸ்ட்ராங் ஹைப்ரிட் (பெட்ரோல் எஞ்சினோடு மின்மோட்டாரும் இருக்கும், சில நேரம் மோட்டாரிலேயே ஓடும்) மாடலுக்கு நிறுவனம் சொன்ன கணக்கு லிட்டருக்கு 27.97 கி.மீ. அது பொய்யில்லை, ஆனால் சாலையில் எடுத்த எண்ணும் இல்லை. ஆய்வகத்தில் உருளைகளின் மேல் காரை ஏற்றி, ஏசியை அணைத்துவிட்டு, சுமார் 20 நிமிடம் வகுத்து வைத்த வேகத்தில் ஓட்டி எடுப்பது. உச்ச வேகமே 90 கி.மீ.தான். சித்திரை வெயிலில் ஏசி போடாமல் யார் ஓட்டுகிறார்கள்?

வேடிக்கை என்னவென்றால், ஹைப்ரிட்டுக்கு ஊர் நெரிசல்தான் தோது. பிரேக் பிடிக்கும்போது வீணாகும் ஆற்றலில் ஒரு பங்கு பேட்டரிக்குத் திரும்பும். சிக்னலில் பெரும்பாலும் எஞ்சின் அணைந்தே கிடக்கும். நான்குவழிச் சாலையில் அந்தச் சலுகைக்கு இடமில்லை, அங்கே காற்றோடுதான் மல்லுக்கட்டு. 80-லிருந்து 120-க்குப் போனால் வேகம் ஒன்றரை மடங்கு, காற்றின் எதிர்ப்போ 2.25 மடங்கு.

அப்புறம், டேஷ்போர்டு காட்டும் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். டேங்கை நிரப்பி ஓட்டி, அதே பெட்ரோல் பங்கில் மறுபடி நிரப்பி, ஓடிய தூரத்தை ஊற்றிய லிட்டரால் வகுத்துப் பாருங்கள். ஒரு தடவை போதாது, நாலைந்து டேங்காவது பார்க்க வேண்டும்.