"கேமில்தான் கோளாறு" என்கிறார் கடைக்காரர், என்ன செய்யலாம்?

கேள்வி: சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடையில் 2,10,000 ரூபாய் கொடுத்து கேமிங் பிசி அசெம்பிள் செய்து வாங்கினேன். பிராசஸர் இன்டெல் ஐ9-14900கே. ஆறு மாதம் நன்றாக ஓடியது. இப்போது எந்தப் பெரிய கேமைத் திறந்தாலும் 'அவுட் ஆஃப் வீடியோ மெமரி' என்று காட்டிவிட்டு மூடிக்கொள்கிறது. சில சமயம் நீலத்திரை. கடைக்காரர் மூன்று முறை வாங்கி விண்டோஸை மறுபடி போட்டுக் கொடுத்தார். "கேமில்தான் கோளாறு, மெஷினில் ஒன்றுமில்லை" என்கிறார். பில்லில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று அச்சடித்திருக்கிறது. வார இறுதியில் யூடியூபில் லைவ் போட்டு கொஞ்சம் வருமானமும் வருகிறது. வழக்குப் போடலாமா? – வாசகர், மதுரை.

பதில்: போடலாம். ஆனால் அதற்கு முன்னால் ஒன்று: நான்காவது முறை விண்டோஸ் போட விடாதீர்கள். மூன்று முறை ஃபார்மட் செய்ததில் மூன்று முறையும் உங்கள் சாட்சிதான் அழிந்திருக்கிறது. கணினி நின்றுபோன நேரத்தையும் காரணத்தையும் விண்டோஸே ஈவென்ட் வியூவரில் குறித்து வைக்கிறது. நீலத்திரை வந்தால் மினிடம்ப் ஃபோல்டரில் ஒரு ஃபைல் விழும். இரண்டையும் பென்டிரைவில் எடுத்துவையுங்கள். அப்புறம், பில் தெரியும்படி கணினிக்குப் பக்கத்தில் வைத்து, கேமைத் திறந்து அது மூடும்வரை வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். ஒரு கேமில் மட்டும் எடுத்தால் கடைக்காரர் சொல்வதற்கே பலம் சேரும். வேறு வேறு நிறுவனங்களின் கேம்கள் மூன்று நான்கு இருக்கட்டும்.

உங்கள் விஷயத்தில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை (உங்களுடையது 14) டெஸ்க்டாப் பிராசஸர்கள் சிலவற்றுக்குத் தேவைக்கு அதிகமான வோல்டேஜ் போய், அதனால் அவை நிலைகுலைவதாக 2024 ஜூலையில் இன்டெல்லே ஒப்புக்கொண்டது. ஆகஸ்டிலிருந்து பயாஸ் (மதர்போர்டில் இருக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் வழியாகத் திருத்தம் வந்தது. ஏற்கெனவே கெட்டுப்போன சிப்பை அந்த அப்டேட் சரிசெய்யாது. மாற்றித்தான் ஆக வேண்டும். கிராபிக்ஸ் கார்டில் மெமரி தாராளமாக இருந்தும் 'வீடியோ மெமரி போதவில்லை' என்று எர்ரர் வருவது இந்தக் கோளாறில் பலர் பார்த்த அறிகுறி. உங்களுடையதும் அதேதான் என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. ரேம், பவர் சப்ளைகூடக் காரணமாக இருக்கலாம். வேறொரு சர்வீஸ் ஆளிடம் காட்டி, என்னென்ன சோதித்தார், எது பழுது என்று லெட்டர்பேடில் எழுதி வாங்குங்கள். வாய்ச்சொல்லை வைத்துக்கொண்டு நுகர்வோர் ஆணையத்தில் நிற்க முடியாது.

பெட்டியோடு விற்ற பிராசஸர் என்றால், பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு 3 ஆண்டு வாரண்டியை இன்டெல் 5 ஆண்டாக நீட்டியிருக்கிறது. நேராக அவர்களிடமே கேட்கலாம். டிரேயில் வந்த, அதாவது தனிப் பெட்டி இல்லாமல் மொத்தமாக வந்த சிப் என்றால் விற்ற கடைக்காரரிடம்தான் போக வேண்டும். பில்லில் எது என்று பாருங்கள். பெட்டியைத் தூக்கிப் போட்டிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

இனி சட்டம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி குறையுள்ள பொருளை விற்றதற்காகவும் சேவைக் குறைபாட்டுக்காகவும் கடைக்காரர்மீது புகார் தரலாம். தயாரிப்பாளரையும் எதிர்தரப்பாகச் சேருங்கள். இல்லாவிட்டால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார். பில்லில் அச்சடித்த அந்த வரிக்குப் பயப்பட வேண்டாம். குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதையே பிரிவு 2(47) முறையற்ற வணிக நடைமுறை என்கிறது.

முதலில் 15 நாள் அவகாசம் கொடுத்து, ஒப்புகையுடன் ஸ்பீடு போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் திட்டுவது நோட்டீஸ் ஆகாது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதியுங்கள். சில கடைகள் அதற்கே இறங்கி வருவதுண்டு. மசியவில்லையா, மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனு போடலாம், சென்னைக்கு அலைய வேண்டாம். நீங்கள் குடியிருக்கும் இடத்தில் புகார் தர பிரிவு 34 இடம் தருகிறது. கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் மனு உள்ளே போயிருக்க வேண்டும். பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்கவும் ஆணையத்தால் முடியும். அந்தச் செலவை முதலில் நீங்கள்தான் கட்ட வேண்டியிருக்கும்.

கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, யூடியூப் வருமானம், எதிர்தரப்பு வக்கீல் முதலில் பிடிப்பது அதைத்தான். வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் அல்ல என்று வாதாடுவார். வார இறுதி லைவ் அதில் வராது என்பது என் கருத்து. சுயதொழிலாகப் பிழைப்புக்கு வாங்கியவருக்கே சட்டம் விலக்குத் தந்திருக்கிறது. ஆனாலும் 'லைவ் நின்றதால் இத்தனை ஆயிரம் நஷ்டம்' என்று மனுவில் எழுதினால் அந்த வாதத்துக்கு நீங்களே எடுத்துக் கொடுத்த மாதிரி. பிராசஸரை மாற்றித் தர வேண்டும், இல்லையேல் பணத்தைத் திருப்பித் தர வேண்டும், மன உளைச்சலுக்கு ஒரு தொகை, வழக்குச் செலவு. இவ்வளவு மட்டும் கேளுங்கள்.