பந்து வராத ஓட்டங்கள் – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

அமெரிக்கக் கால்பந்து வீரர் டெவான்டா ஸ்மித்தைப் பற்றி நீங்கள் போன மாதம் எழுதியதை என் மகனுக்கு வாசித்துக் காட்டினேன். அவனுக்கு 15 வயது. அட்லாண்டா பக்கம் ஒரு பள்ளி அணியில் வைட் ரிசீவராக, அதாவது ஓடிப்போய்ப் பந்தைப் பிடிக்கும் ஆளாக ஆடுகிறான். ஒல்லியான உடம்பு, 58 கிலோதான் இருப்பான். ஒரு ஆட்டத்தில் நாற்பது தடவை ஓடினால் இரண்டு தடவை பந்து வரும். சில நாள் அதுவும் கிடையாது. "இதுக்கா தினமும் மூணு மணி நேரம் பிராக்டிஸ்?" என்கிறாள் என் மனைவி. ஊரிலிருந்து போன் பேசும் அப்பா, "கை கால் போனா யார் பாக்கிறது?" என்கிறார்.

உங்கள் கட்டுரை முழுக்க 2018-இல் ஸ்மித் பிடித்த அந்த ஒரு பந்தைப் பற்றித்தான். அதைக் கேட்டுவிட்டு மகன் என்னிடம் ஒன்று கேட்டான்: "அன்னிக்கு அந்தப் பந்து அவர்கிட்ட வராம இருந்திருந்தா?" எனக்குப் பதில் தெரியவில்லை. எல்லாம் அதிர்ஷ்டம்தானா சார்?

கே.

*

அன்புள்ள கே.,

உங்கள் மகனின் கேள்வியைப் படித்ததும்தான் என் கட்டுரையில் இருந்த குறை எனக்கு உறைத்தது. ஒரு மனிதர் நான்கு வருடம் கல்லூரியில் ஆடியதை ஒரே ஒரு பந்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டேன். இந்தப் பதிலில் அதைக் கொஞ்சம் சரிசெய்யப் பார்க்கிறேன்.

முதலில் அந்தப் பந்தையே எடுத்துக்கொள்வோம். 2018 ஜனவரி 8, உங்கள் அட்லாண்டாவில்தான் ஆட்டம். கல்லூரிக் கால்பந்தின் தேசிய இறுதிப்போட்டியில் அலபாமாவும் ஜார்ஜியாவும் மோதின. இடைவேளையின்போது அலபாமா 0-13 என்று பின்தங்கியிருந்தது. பயிற்சியாளர் நிக் சேபன், இரண்டு வருடமாகப் பந்தை வீசும் குவாட்டர்பேக்காக ஆடிவந்த ஜேலன் ஹர்ட்ஸை உட்காரவைத்துவிட்டு, முதலாண்டு மாணவரான டுவா டாகோவைலோவாவை இறக்கினார். ஆட்டம் 20-20 என்று சமனாகிக் கூடுதல் நேரத்துக்குப் போனது. அதில் ஜார்ஜியா முதலில் 3 புள்ளி எடுத்தது. அலபாமாவின் முதல் முயற்சியிலேயே டுவாவை 16 யார்டு பின்னால் விரட்டிப்போய் வீழ்த்தினார்கள். தொடர்ந்து ஆட பத்து யார்டு முன்னேறினால் போதும் என்றிருந்த இடத்தில் இப்போது 26 யார்டு வேண்டும்.

அடுத்து அலபாமா எடுத்த உத்தி, நான்கு ரிசீவர்களும் நேராக ஆழத்துக்கு ஓடுவது. இதைக் கவனியுங்கள். நான்கு பேர் ஓடினால் மூன்று பேருக்குப் பந்து கிடையாது. ஓட ஆரம்பிக்கும்போது யார் அந்த ஒருவர் என்பது அவர்களில் யாருக்கும் தெரியாது. ஸ்மித் இடது கோட்டோரம் ஓடினார். அந்தப் பக்கத் தடுப்பாளர், பின்னால் நிற்கும் கடைசித் தடுப்பாளரான சேஃப்டி பார்த்துக்கொள்வார் என்று ஸ்மித்தை மேலே போகவிட்டார். டுவா வேறு திசையில் பார்த்து சேஃப்டியை நடுவிலேயே நிறுத்திவைத்திருந்தார். அந்த சேஃப்டி சுதாரித்து வருவதற்குள் ஸ்மித் தாண்டிவிட்டார். 41 யார்டு, எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தோடு டச்டவுன், 26-23 என்று அலபாமா ஜெயித்தது.

அந்த சீசனில் அலபாமா ஆடியது 14 ஆட்டம். ஸ்மித் பிடித்த பந்துகள், இதையும் சேர்த்து, மொத்தம் 8. மற்ற எல்லா ஓட்டத்திலும் அவர் பந்து இல்லாமல்தான் ஓடினார். அவற்றில் பாதியை அரை மனசோடு ஓடியிருந்தால், 26 யார்டு வேண்டிய அந்த நேரத்தில் ஒரு முதலாண்டுப் பையனை சேபன் மைதானத்தில் வைத்திருப்பாரா? டுவா நம்பி வீசியிருப்பாரா? பந்து அவர் பக்கம் வந்ததில் அதிர்ஷ்டம் உண்டு, அதை நான் மறுக்கமாட்டேன். அது வரும்போது அவர் அங்கே இருந்ததை அதிர்ஷ்டம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சில வருடங்களுக்கு முன் டல்லாஸ் பக்கம் கொஞ்ச காலம் தங்கியிருந்தேன். வீட்டுக்குப் பின்னால் ஒரு பள்ளி மைதானம். மாலையில் நடக்கப் போனால் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பயிற்சியைப் பார்ப்பேன். ஒருநாள் ரிசீவர் பையன்கள் ஏழெட்டுப் பேர் வரிசையாக நிற்கிறார்கள், மைதானத்தில் ஒரு பந்துகூட இல்லை. பயிற்சியாளர் கை தட்டுவார். ஒரு பையன் பத்து யார்டு முழு வேகத்தில் ஓடி, வெளிக்காலைத் தரையில் அழுத்தி ஊன்றி, இடுப்பைத் தாழ்த்தி, சடாரென்று திரும்பி நிற்பான். அவ்வளவுதான், திரும்பி வந்துவிடுவான். அடுத்தவன். ஒரு பையன் திரும்புவதற்கு ஒரு அடி முன்பே தோளை லேசாக நிமிர்த்திவிட்டான். பயிற்சியாளர் ஓடிவந்து அவன் தோளைத் தொட்டு, "இதைப் பார்த்தே அவன் கண்டுபிடித்துவிடுவான்" என்றார். அவன் என்றால் எதிரே நின்று தடுக்கும் கார்னர்பேக். கடைசி யார்டு வரை, நேராகவே ஓடப்போகிறான் என்று அவன் நம்பவேண்டும். அந்த ஒரு திருப்பத்தை இருட்டும்வரை செய்தார்கள். இருட்டிய பிறகும் ஒருவன் தனியாகச் செய்துகொண்டிருந்தான்.

ரூட் என்று அவர்கள் சொல்வது இதைத்தான். உங்கள் மகனுக்குத் தெரிந்திருக்கும். நேராக ஓடுவது, உள்ளே வெட்டுவது, வெளியே வெட்டுவது, நின்று திரும்புவது என்று எல்லாவற்றையும் ஒரு மரத்தின் கிளைகளைப்போல வரைந்து எண் போட்டு வைத்திருப்பார்கள். ஸ்மித்தைப் பெரிய ஆளாக்கியது இந்த மரம்தான். அவரைவிட வேகமானவர்கள் அவருடைய அணியிலேயே இருந்தார்கள்.

அந்த அணியைப் பற்றிச் சொன்னால்தான் அவருடைய காத்திருப்பு புரியும். லூசியானாவில் அமீட் சிட்டி என்று சுமார் 4,000 பேர் வாழும் சின்ன ஊர் அவருடையது. அங்கிருந்து 2017-இல் அலபாமாவுக்கு வந்தபோது அவரோடு அதே வகுப்பில் சேர்ந்த ரிசீவர்கள் ஜெரி ஜூடியும் ஹென்றி ரக்ஸும். அடுத்த வருடம் ஜேலன் வாடில் வந்தார். பின்னாளில் இந்த நான்கு பேருமே டிராஃப்டின், அதாவது தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். அணிகள் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வின், முதல் சுற்றில் எடுக்கப்பட்டார்கள். நான்கு பேருக்கும் இருந்தது ஒரே பந்து. இரண்டாம் வருடம் ஸ்மித் பிடித்தது 42. மூன்றாம் வருடம் 68, கிடைத்தது 1,256 யார்டு. இது அந்த வருடம் அணியிலேயே அதிகம். ஆனாலும் பேச்செல்லாம் ஜூடியையும் ரக்ஸையும் பற்றித்தான் இருந்தது.

பள்ளி முடித்து மூன்று வருடம் ஆனால் டிராஃப்டுக்குப் போகலாம் என்பது விதி. ஜூடியும் ரக்ஸும் 2020-இல் போனார்கள். ஸ்மித்தும் போயிருக்கலாம். அவர் போகவில்லை. இன்னும் ஒரு வருடம் இருந்து ஆடுகிறேன், பட்டப்படிப்பையும் முடிக்கிறேன் என்றார். அப்போது கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையோ படத்தையோ வைத்து ஒரு டாலர்கூடச் சம்பாதிக்கக் கூடாது. அந்தத் தடை நீங்கியது 2021 ஜூலை 1-இல், அவர் கல்லூரியை விட்ட பிறகு. நடுவில் ஒரு முழங்கால் போனால் எல்லாம் போச்சு. அப்படியும் இருந்தார். கட்டுரையில் நான் எழுதியிருக்க வேண்டியது இந்த முடிவைத்தான்.

அந்த நான்காவது வருடம் கொரோனா வருடம். காலி இருக்கைகளுக்கு நடுவே ஆடினார்கள். அக்டோபரில் டென்னசி ஆட்டத்தின் முதல் உதையிலேயே வாடிலுக்குக் கணுக்கால் முறிந்தது. இனி எதிரணிகள் எல்லாரும் ஸ்மித்தைத்தான் குறிவைப்பார்கள் என்று தெரிந்துவிட்டது. தெரிந்தும் அவர்களால் நிறுத்த முடியவில்லை. டிசம்பரில் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகமான எல்.எஸ்.யூ. அணியை அவர்களுடைய மைதானத்திலேயே சந்தித்தபோது, அதாவது தன் சொந்த மாநிலத்தில், 8 பந்தில் 231 யார்டு, 3 டச்டவுன். அதில் ஒன்று உயரத் தாவி ஒற்றைக் கையால் பிடித்தது. வாடில் செய்துவந்த பண்ட் ரிட்டர்ன் வேலையையும், அதாவது எதிரணி உதைத்துவிடும் பந்தைப் பிடித்துத் திருப்பி ஓடுவதையும், ஏற்றுக்கொண்டு, ஆர்கன்சா அணிக்கு எதிராக 84 யார்டு ஓடி டச்டவுன் அடித்தார். ரிசீவருக்கு யாரும் கணக்கெழுதாத இன்னொரு வேலை, பந்தோடு ஓடுகிறவருக்காகத் தடுத்து நிற்பது. அந்த ஒல்லி உடம்போடு அதையும் விடாமல் செய்தார்.

சீசன் முடிவில் கணக்கு: 117 பந்து, 1,856 யார்டு, 23 டச்டவுன். கல்லூரிக் கால்பந்தின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் விருது அவருக்குப் போனது. அதற்கு முன் ஒரு வைட் ரிசீவர் அதை வாங்கியது 1991-இல், மிச்சிகனின் டெஸ்மண்ட் ஹோவர்ட். நடுவில் 28 வருடம் பெரும்பாலும் குவாட்டர்பேக்குகளும், பந்தோடு ஓடும் ரன்னிங் பேக்குகளும்தான் வாங்கினார்கள். ஒருவர் வீசினால்தான் இவர் பிடிக்க முடியும் என்பதால் ரிசீவரை யாரும் முதல் ஆளாக நினைப்பதில்லை.

விருது கிடைத்த ஆறாம் நாள், ஒஹாயோ ஸ்டேட் அணியோடு இறுதிப்போட்டி. முதல் பாதியிலேயே 12 பந்து, 215 யார்டு, 3 டச்டவுன். மூன்றாவது டச்டவுனின்போது அவரைத் துரத்தி ஓடியவர் ஒரு லைன்பேக்கர். கனமான ஆள், நடுவில் நின்று மோதுவதுதான் அவர் வேலை. ஸ்மித்தோடு ஓடும் வேலையை அவர் தலையில் விழும்படி அலபாமா ஆட்டத்தை அமைத்திருந்தது. பாவம், அந்த மனிதர் முழு மூச்சாகத்தான் ஓடினார். இடைவேளைக்குப் பிறகு ஸ்மித்துக்கு விரல் பிசகி வெளியே உட்கார்ந்துவிட்டார். அலபாமா 52-24 என்று ஜெயித்தது.

எடைக்கு வருகிறேன். டிராஃப்டுக்கு முன் 2021 ஏப்ரலில் மருத்துவப் பரிசோதனையில் நிறுத்திப் பார்த்தால் 166 பவுண்டு, அதாவது சுமார் 75 கிலோ. உயரம் ஆறடி. இந்த உடம்பு பெரியவர்கள் ஆட்டத்தில் தாங்குமா என்று மாதக்கணக்கில் விவாதம் நடந்தது. பிலடெல்பியா ஈகிள்ஸ் என்ற என்.எஃப்.எல். அணி, டிராஃப்டில் தேர்ந்தெடுக்கும் வரிசையில் 12-ஆம் இடத்திலிருந்து 10-க்கு ஏறிவந்து அவரை எடுத்தது. உங்கள் மகன் 15 வயதில் 58 கிலோ. அவனுக்கு இன்னும் வளர்த்தி இருக்கிறது. நன்றாகச் சாப்பிடட்டும், தூங்கட்டும். அந்த எண்ணை வைத்து இப்போது எதையும் முடிவுசெய்யாதீர்கள்.

உங்கள் அப்பாவின் பயத்தை நான் தள்ளிவிடமாட்டேன், அது நியாயமான பயம். 2024 செப்டம்பரில் நியூ ஆர்லியன்ஸ் அணியோடு ஆடும்போது ஸ்மித்துக்குத் தலையில் அடிபட்டது. ஹெல்மெட் கழன்று தரையில் கிடந்த காட்சியை என்னால் முழுதாகப் பார்க்க முடியவில்லை. அடுத்த வாரம் அவர் ஆடவில்லை. பள்ளிகளில் ஏறக்குறைய 10 லட்சம் பிள்ளைகள் இந்த ஆட்டத்தை ஆடுகிறார்கள், டிராஃப்டில் வருடத்துக்கு எடுக்கப்படுகிறவர்கள் சுமார் 260 பேர்தான். ஆகவே என்.எஃப்.எல்.லை மனதில் வைத்து அவனை ஆடவிடாதீர்கள். தலையில் அடிபட்டால் மறைக்காமல் சொல்லவேண்டும் என்று இன்றைக்கே உட்காரவைத்துப் பேசுங்கள். பந்து வராத நாளிலும் அவன் சந்தோஷமாக வீட்டுக்கு வருகிறானா என்று பாருங்கள். வருகிறான் என்றால், நானாக இருந்தால் ஆடவிடுவேன்.

அப்புறம், 2018-இல் இடைவேளையோடு உட்காரவைக்கப்பட்ட ஜேலன் ஹர்ட்ஸ். அவர் அடுத்த வருடம் முழுக்க மாற்று ஆளாகவே அலபாமாவில் இருந்தார். பிறகு ஓக்லஹோமாவுக்குப் போய் ஆடி, 2020-இல் ஈகிள்ஸுக்கு வந்துசேர்ந்தார். மறுவருடம் ஸ்மித்தும் அங்கேயே வந்தார். 2025 பிப்ரவரி 9, என்.எஃப்.எல். இறுதிப்போட்டியான சூப்பர் பவுல். ஸ்மித்துக்குத் தலையில் அடிபட்ட அதே நியூ ஆர்லியன்ஸ் மைதானம். அமீட் சிட்டியிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். மூன்றாம் கால் பகுதியில் ஹர்ட்ஸ் வீசிய 46 யார்டு பந்தை ஸ்மித் எல்லைக்குள் வைத்துப் பிடித்தார். 34-0. கன்சாஸ் சிட்டியை ஈகிள்ஸ் 40-22 என்று வென்றது.

அந்த டச்டவுன் வீடியோவை மகனோடு உட்கார்ந்து பாருங்கள். முதல் தடவை ஸ்மித்தைப் பார்க்கட்டும். இரண்டாவது தடவை போடும்போது, பந்து வராமல் ஓடுகிற மற்ற ரிசீவர்களை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். அவர்கள் எப்படி ஓடுகிறார்கள் என்று அவனே உங்களுக்கு விளக்கிச் சொல்வான். அவன் என்ன சொன்னான் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.