கோடை உச்சத்தில் ஏசி திணறினால் கேஸ்தான் காரணமா?

கேள்வி: படுக்கையறையில் 1.5 டன் இன்வெர்ட்டர் ஏசி பொருத்தி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நாள்களில், பிற்பகல் முழுவதும் ஓடியும் அறை 28 டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை. ரிமோட்டில் 18 வைத்தாலும் அதே நிலைதான். இரவு பத்து மணிக்கு மேல் நன்றாகக் குளிர்கிறது. பார்க்க வந்த மெக்கானிக் கேஸ் குறைந்துவிட்டது, நிரப்ப வேண்டும் என்கிறார். நிரப்பலாமா?

பதில்: இப்போதைக்கு நிரப்ப வேண்டாம். இரவில் நன்றாகக் குளிர்கிறது என்று நீங்கள் எழுதியிருப்பதே முக்கியமான தடயம். கேஸ் கணிசமாகக் குறைந்த ஏசி இரவிலும் தடுமாறும். நாளாக ஆக நிலைமை மோசமாகும். பெரும்பாலும் அவுட்டோர் யூனிட்டில் இணையும் இரு செம்புக் குழாய்களில் மெல்லியதன்மேல் வெண்பனி படியும். இவை எதுவும் இல்லாமல் பிற்பகலில் மட்டும் திணறுகிறது என்றால், முதலில் சந்தேகிக்க வேண்டியது அறைக்குள் வந்து சேரும் வெப்பத்தையும், அதை வெளியே கொட்டும் வழியையும்தான்.

ஏசி குளிரை உற்பத்தி செய்வதில்லை. அறையின் வெப்பத்தை அள்ளி வெளிக்காற்றில் விடுகிறது. அதற்கு அவுட்டோர் காயிலில், அதாவது வெளி யூனிட்டில் வெப்பத்தை விடும் குழாய்ச் சுருளில், ஓடும் கேஸ் வெளிக்காற்றைவிடச் சூடாக இருந்தாக வேண்டும். வழக்கமாக இந்த வித்தியாசம் 10 முதல் 15 டிகிரி. வெளியே 43 டிகிரி என்றால் காயில் 55 டிகிரியை ஒட்டி இயங்கும்; அழுத்தம் ஏறும், கம்ப்ரஸர் அதிக மின்சாரம் இழுக்கும், குளிர்விக்கும் திறனோ குறையும். 1.5 டன் என்பது ஏறத்தாழ 5.2 கிலோவாட் திறன். பொதுவாக வெளியே 35 டிகிரியும் உள்ளே 27 டிகிரியும் இருக்கும் நிலையில் அளந்த கணக்கு அது. ஆகவே உங்கள் அறைக்கு அதிகபட்ச வெப்பம் வந்து சேரும் நேரத்தில்தான் இயந்திரத்தின் திறனும் அடிமட்டத்தில் இருக்கிறது.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். விசிறியை உச்ச வேகத்தில் வைத்து, ரிமோட்டில் மிகக் குறைந்த வெப்பநிலையைத் தேர்ந்து, கால் மணி நேரம் ஓடவிட்டபின், இன்டோர் யூனிட்டின் மேற்புறம் உள்ளே இழுக்கப்படும் காற்றையும் கீழே வெளிவரும் காற்றையும் சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டரால் அளவிடுங்கள். வித்தியாசம் 8 முதல் 12 டிகிரி வரை இருந்தால் இயந்திரம் பெரும்பாலும் தன் வேலையைச் சரியாகவே செய்கிறது. அறைக்குள் வரும் வெப்பம்தான் அதன் சக்தியை மீறுகிறது. காற்றில் ஈரப்பதம் மிகுந்திருந்தால் இந்த வித்தியாசம் சற்றுக் குறைவாகவே தெரியும்.

பிறகு தெர்மாமீட்டருடன் வெளியே செல்லுங்கள். வழக்கமான அவுட்டோர் யூனிட், பின்புறமும் பக்கவாட்டிலும் காற்றை இழுத்து முன்புறமாகத் தள்ளும். பின்புறக் காற்று, சற்றுத் தள்ளி நிழலில் அளக்கும் காற்றைவிட நான்கைந்து டிகிரி கூடுதலாக இருந்தால், யூனிட் தான் வெளிவிட்ட சூட்டையே மீண்டும் விழுங்குகிறது என்று பொருள். மூடிய பால்கனி, அலங்காரத்துக்காக அடித்த மரச்சட்டம், எதிரெதிரே வைத்த இரண்டு யூனிட்டுகள், முன்னால் உலர்த்திய போர்வை ஆகியவையே இதற்கு வழக்கமான காரணங்கள். கேஸ் புகார்களில் கணிசமானவை உண்மையில் இந்தக் காற்றோட்டப் புகார்கள்தான் என்பது என் கருத்து. நிழல் அமைப்பது நல்லதே. ஆனால் அந்தக் கூரை காற்றைத் தடுத்தால், நிழலே இல்லாமல் இருப்பது மேல்.

அவுட்டோர் காயிலின் தகடுகளுக்கு இடையே தூசி அடைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஏசிக்கு மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்சான எம்.சி.பி.யை அணைத்துவிட்டு, தோட்டக் குழாயின் மெல்லிய தாரையால் கழுவலாம். பிரஷர் வாஷர் அந்த மெல்லிய தகடுகளை மடக்கிவிடும். ஓடும் யூனிட்டின்மேல் நாள்தோறும் நீர் தெளிப்பதைத் தவிர்க்கவும். கடின நீராக இருந்தால் உப்புப் படிந்து காயில் அடைபடும். மின் பகுதிகள் நனையும் ஆபத்தும் உண்டு. இன்டோர் ஃபில்டரைக் கடுங்கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவி, நன்கு உலர்ந்தபின் மாட்டினால் போதும்.

அறையைப் பொறுத்தவரை, மாலை வெயில் நேரே விழும் கண்ணாடி ஜன்னலும், மேல்மாடி என்றால் கூரையும்தான் பெரிய எதிரிகள். ஜன்னலுக்கு உட்புறம் திரை தொங்கவிடுவதைவிட வெளிப்புறத்தில் தட்டியோ மறைப்போ அமைப்பது பலமடங்கு பயன் தரும். கண்ணாடியைக் கடந்தபின் தடுக்கப்படும் வெயில் ஏற்கெனவே அறைக்குள் வந்துவிட்ட வெப்பம். சுவர்களும் கட்டிலும் சூடேறியபின் மூன்று மணிக்கு ஏசியைப் போடுவதைவிட, முற்பகலிலேயே 26 டிகிரியில் ஓடவிட்டு, மின்விசிறியையும் மெதுவாகச் சுழலவிடுங்கள். அறை எட்டவே முடியாத 18 டிகிரியை வைத்தால், கம்ப்ரஸர் முழு வேகத்தில் ஓய்வின்றி ஓடுவதைத் தவிர வேறு பலன் இல்லை.

இவ்வளவுக்குப் பிறகும் இன்டோர் யூனிட்டில் அளந்த காற்றின் வித்தியாசம் 8 டிகிரியை எட்டாவிட்டால் மெக்கானிக்கை அழையுங்கள். ஆனால் ‘டாப்-அப்’ என்ற சொல்லுக்கு இணங்க வேண்டாம். கேஸ் செலவாகித் தீரும் பொருளன்று, மூடிய சுற்றில் ஓடுவது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. கசிவைக் கண்டுபிடித்து அடைத்து, வேக்குவம் பம்பால் குழாயில் உள்ள காற்றையும் ஈரத்தையும் நீக்கி, யூனிட்டின் பெயர்ப்பலகையில் குறித்துள்ள எடையளவு கேஸைத் தராசில் வைத்தே நிரப்ப வேண்டும். தேவைக்கு மேல் நிரப்பினால் அழுத்தம் இன்னும் ஏறி, நீங்கள் புகார் சொல்லும் அதே பிற்பகலில் கம்ப்ரஸர் சூடேறி நின்றுபோகவும் கூடும். ஆர்-32 வகை கேஸ் ஓரளவு தீப்பற்றக்கூடியது என்பதால், இதைப் பயிற்சி பெற்றவரிடமே ஒப்படைக்க வேண்டும்.

பிளக் தொடமுடியாத அளவு சூடானாலோ, கருகிய வாடை வந்தாலோ, எம்.சி.பி. அடிக்கடி விழுந்தாலோ இந்தச் சோதனைகள் எதையும் செய்யாமல் உடனே ஏசியை அணைத்துவிட்டு, எலக்ட்ரீஷியனைக் கொண்டு இணைப்புகளைப் பார்க்கச் சொல்லுங்கள். அவுட்டோர் யூனிட்டின் மூடியை நீங்களே கழற்ற வேண்டாம். மின்சாரத்தைத் துண்டித்தபின்னும் கெபாசிட்டரில் மின்னூட்டம் தங்கியிருக்கும்.