ஆளில்லாத இடம் எங்கே? – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்திலும் சாலையிலிருந்து மிகத் தள்ளியிருக்கும் இடம் எது என்று கணக்குப் போட்டு, அங்கே நடந்தே போய்ப் பார்க்கும் ஒரு குடும்பத்தைப் பற்றிப் படித்தேன். அலாஸ்காவை விட்டுவிட்டால் அங்கே அப்படிப்பட்ட இடம் எல்லோஸ்டோன் பூங்காவின் தென்கிழக்கு மூலையில் இருக்கிறதாம். சாலைக்கு ஏறக்குறைய 20 மைல். தமிழ்நாட்டுக்கும் அப்படி ஒன்றைக் கண்டுபிடிக்க ஆசை. மேற்குத் தொடர்ச்சி மலையில் எங்கே கை வைத்தாலும் புலிகள் காப்பகம், அனுமதி என்று வருகிறது. ஆனால் சாட்டிலைட் படத்தில் ராமநாதபுரம் கடற்கரையில் கீழக்கரைக்கும் சாயல்குடிக்கும் நடுவே பச்சையாகப் பெரிய பரப்புகள் தெரிகின்றன. எதிரே கடலில் ஆளில்லாத தீவுகளும் இருக்கின்றன. நீங்கள் அந்தப் பக்கத்துக்காரர். ஓர் இரவு கூடாரம் போட்டுத் தங்க, மனித வாடையே இல்லாத இடம் ஒன்று சொல்லுங்களேன்.

ர., திருப்பூர்

அன்புள்ள ர.,

முதலில் அந்தப் பச்சையை முடித்துவிடுவோம். அது சீமைக் கருவேலம். மேலிருந்து பார்த்தால் காடு மாதிரிதான் தெரியும். உள்ளே போனால் வண்டித்தடம், ஆட்டுப் புழுக்கை, நடுவில் ஒரு கரிமூட்டம் புகைந்துகொண்டிருக்கும். பக்கத்தில் ஒருவர் துண்டை விரித்துப் படுத்துக்கொண்டு செல்போனில் பாட்டுக் கேட்பார். உங்களைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்து, “யாரத் தேடி வந்திய?” என்பார். யாரும் இல்லாத இடத்தைத் தேடி வந்தேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வீர்கள்?

நீங்கள் படித்த கணக்கின் முறை எளிதுதான். வரைபடத்தில் எந்தச் சாலையும் குறுக்கே வராமல் எவ்வளவு பெரிய வட்டம் போட முடியும் என்று பார்ப்பது. அந்த வட்டம் பெரும்பாலும் மூன்று பக்கம் சாலைகளைத் தொட்டு நிற்கும். அதன் மையம்தான் விடை. இங்கே அந்த வட்டம் பெரிதாகவே ஆகாது. கிழக்குக் கடற்கரைச் சாலை கரையை ஒட்டியே ஓடுகிறது. அதிலிருந்து ஒவ்வொரு மீனவர் ஊருக்கும் ஒரு கிளைச் சாலை இறங்குகிறது, வாலிநோக்கம் பக்கம் போனால் உப்பளம். தனுஷ்கோடியாவது மிச்சமிருந்தது. 1964 புயலுக்குப் பிறகு அரை நூற்றாண்டு மணலில் வேன் வைத்துத்தான் போக வேண்டியிருந்தது. 2017-இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறந்துவிட்டார்கள். இப்போது நிலத்தின் கடைசி நுனியில் கார் நிறுத்த இடம் தேட வேண்டியிருக்கிறது.

அடுத்து தீவுகள். மன்னார் வளைகுடாவில் மண்டபத்திலிருந்து தூத்துக்குடி வரை 21 தீவுகள். 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. எல்லாமே கரையிலிருந்து 10 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். அனுமதியில்லாமல் இறங்கினால் வழக்கு. உங்களை வத்தையில், அதாவது சின்னப் படகில், கொண்டுவந்து இறக்கிவிட்டவர் மீதும் வழக்கு வரும். உங்களுக்கு அபராதத்தோடு போகலாம், அவருக்குப் படகு போனால் பிழைப்பு போச்சு. ‘ரகசியமாகக் கூட்டிப் போகிறேன்’ என்று யாராவது சொன்னாலும் மறுத்துவிடுங்கள்.

இந்த 21-இல் இரண்டு இப்போது தண்ணீருக்கு அடியில் இருக்கின்றன, பூவரசன்பட்டியும் விலங்குச்சல்லியும். சுண்ணாம்புக்கும் கட்டுமானத்துக்கும் பல பத்தாண்டுகள் பவளப்பாறையை வெட்டியெடுத்தார்கள். அலையை மறித்து நின்ற பாறை போனதும், அலை நேராக வந்து மணலைத் தின்றுவிட்டது. கண்காணாத இடத்தில் எதைச் செய்தாலும் கேட்க ஆளில்லை என்பதும் ஆளில்லாத இடத்தின் ஒரு குணம்தான்.

அப்புறம், ஆளில்லாத தீவு என்கிறீர்களே, அந்தத் தீவுகளைச் சுற்றியுள்ள தண்ணீரில் ஆள் உண்டு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் சின்னப்பாலம் போன்ற ஊர்களிலிருந்து பெண்கள் கடல்பாசி எடுக்கப் போவார்கள். சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை. கண்ணுக்கு மூக்குக் கண்ணாடி மாதிரி இறுகக் கட்டிய டைவிங் கண்ணாடி. பாறை கிழிக்காமல் இருக்க விரல் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகத் துணி சுற்றியிருப்பார்கள். சிலர் காலில் தகரத் தட்டைக் கட்டிக்கொள்வார்கள், நீந்தும்போது தண்ணீரைத் தள்ள. இடுப்பில் வலைப்பை. மூச்சைப் பிடித்துக் குனிந்து மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்துப் பையில் போட்டு நிமிர்வார்கள். மணிக்கணக்கில் இதே வேலை. பூங்கா அறிவிப்பு வந்தபின் இவர்களுக்கும் வனத்துறைக்கும் இழுபறி ஓயவில்லை. நீங்கள் ஓர் இரவு தங்க ஆசைப்படும் இடம், அவர்களுக்குப் பல தலைமுறையாக வேலைக்குப் போகிற இடம். என் அனுதாபம் எந்தப் பக்கம் என்று தெரிந்திருக்கும்.

சரி, தமிழ்நாட்டு நிலத்தில் உண்மையிலேயே ஒதுங்கிய இடம் எதுவென்று என்னைக் கேட்டால் அரிச்சல்முனைக்கு அப்பால் இருக்கும் மணல் திட்டுகளைச் சொல்வேன். மீனவர்கள் ஒன்றாம் திட்டு, இரண்டாம் திட்டு என்று எண்ணில்தான் சொல்வார்கள். மரம் கிடையாது, நிழல் கிடையாது, கடல்பறவை மட்டும். காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் ஏற்ப உருவமே மாறிக்கொண்டிருக்கும். 2022-இல் இலங்கையில் பொருளாதாரம் சரிந்தபோது, அங்கிருந்து கைக்குழந்தைகளோடு தப்பி வந்த குடும்பங்கள் சிலவற்றைப் படகுக்காரர்கள் இந்தத் திட்டுகளில் இறக்கிவிட்டுத் திரும்பினார்கள். ‘இதுதான் இந்தியா, காலையில் ஆள் வரும்’ என்று நம்பி இறங்கியிருப்பார்கள். கடலோரக் காவல் படை வந்து மீட்கும்வரை வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள். மனித வாடையே இல்லாத இடத்தில் ஓர் இரவு என்றால் எப்படியிருக்கும் என்று அவர்கள் சொல்ல முடியும்.

ஆகவே கிலோமீட்டரை விட்டுவிடுங்கள். இந்தக் கடற்கரையில் ஓர் இடம் தூரமா பக்கமா என்பதைக் காற்றும் குடிதண்ணீரும்தான் முடிவு செய்கின்றன. கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, அடிக்கும் மாதங்களில் மன்னார் வளைகுடாப் பக்கம், அதாவது ஆண் கடல், கொந்தளிக்கும். கரையிலிருந்து கண்ணுக்குத் தெரிகிற தீவுக்கே போக முடியாது. அதே நாளில் பாம்பனுக்கு வடக்கே பாக் நீரிணைப் பக்கம், அதாவது பெண் கடல், குளம் போலக் கிடக்கும். வடக்கிலிருந்து வாடைக்காற்று வந்தால் நிலைமை தலைகீழ். தண்ணீரும் அப்படித்தான். தனுஷ்கோடி மணலில் கையால் தோண்டினால் கொஞ்ச ஆழத்திலேயே நல்ல தண்ணீர் ஊறும். பெண்கள் கொட்டாங்கச்சியால் சேந்திக் குடத்தில் ஊற்றுவார்கள். மழைத் தண்ணீர் எடை குறைவு என்பதால் உப்புத் தண்ணீருக்கு மேலே தங்கியிருக்கிறது. பேராசைப்பட்டு ஆழமாகத் தோண்டினால் உப்பு வந்துவிடும். எவ்வளவு தோண்டலாம் என்பது தெரிந்ததால்தான் அரசு கைவிட்ட ஊரில் அவர்களால் இருக்க முடிந்தது.

காட்டைப் பார்க்க வேண்டும் என்றால் இங்கே அது தண்ணீரிலும் தண்ணீருக்கு அடியிலும்தான். தொண்டிக்குத் தெற்கே காரங்காட்டில் வனத்துறையே அலையாத்திக் காட்டுக்குள் படகு விடுகிறது. விடுமுறை நாளைத் தவிர்த்துவிட்டு வெள்ளன போங்கள். பாம்பன் பக்கத்துக் குந்துக்காலிலிருந்து குருசடைத் தீவுக்கு அனுமதியோடு படகு உண்டு. இடுப்பளவு தண்ணீருக்குக் கீழே தாழை, அதாவது கடல்புல், வயல் மாதிரி அசைந்துகொண்டிருப்பதைப் பாருங்கள். ஆவுளியா மேயும் நிலம் அது. கடல்பசு என்று நீங்கள் படித்திருப்பீர்கள். ஆவுளியாவைப் பார்க்கும் அதிர்ஷ்டத்தை எதிர்பார்க்காதீர்கள், மீனவர்களே எப்போதாவதுதான் பார்க்கிறார்கள். பவளமும் நலமாக இல்லை. 2010-லும் 2016-லும் கடல் சூடேறி நிறைய வெளுத்துப்போனது.

கூடாரத்தைத் திருப்பூரிலேயே வைத்துவிட்டு வாருங்கள். எல்லைக் கடல் இது. இரவில் கரையில் தனியாகக் கூடாரம் போட்டால் ஊர்க்காரர் யாராவது போன் செய்வார், அரை மணியில் கியூ பிரிவு உளவுப் போலீஸ் வந்து நிற்கும். ஆதார் அட்டையை மறக்காதீர்கள். ராமநாதபுரத்தில் லாட்ஜ் வாடகை ஒன்றும் அதிகமில்லை.